அதியமானை வீழ்த்தியது எது?



தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் உள்ள அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது, அதன் பயனையும் கூறாது ஔவையாருக்கு ஈந்த அவ்வள்ளலை நம் பிள்ளைகளும் அறிவர். அவன் வீழ்ந்த வரலாற்றையோ நாம் அவர்களுக்கு அதிகம் சொல்வதில்லை.

எழுவரை ஒருங்கே எதிர்த்து வென்றவன் அவன். அவ்வெற்றியோடு அமையாமல், மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரையும் அழித்தான். ஊரிழந்த காரி சேரனைச் சார்ந்து, ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான் என்பர் அறிஞர். கொல்லி கைவந்தபின் பெருஞ்சேரல் இரும்பொறைக்குத் தகடூர் எத்தனை தொலைவு? ஆக, பகையைத் தன் வாயிலுக்கு வரவழைத்தவன் அதியமானே.

போரைத் தவிர்க்கும் வழி அறியாதவனும் அல்லன். தொண்டைமானிடம் ஔவையாரையே தூதாக அனுப்பியவன் அன்றோ! எனினும், ஈயும்போது தன்னுயிரை எண்ணாத அதே நெஞ்சம், களத்திலும் பின்விளைவை எண்ணவில்லை. கொடையில் நாம் போற்றும் குணமும், போரில் அவனைக் கெடுத்த குணமும் ஒன்றே என்பது என் துணிபு. (புலவர் பெருமக்கள் சிலர் இதனை ஏற்கமாட்டார்கள்.)

தகடூர் வீழ்ந்தது, அவனும் மாண்டான். ஔவையார் கையறுநிலை பாடினார்.

1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், குகை ஒன்றில் தமிழிக் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. நெடுமான் அஞ்சி ஈந்த உறைவிடம் என்பதே அதன் செய்தி. அவன் அழித்ததாகப் பாடப்பெற்ற கோவலூரின் பக்கத்திலேயே அக்கல் இருக்கிறது.