அம்மா சொல்லாத பக்கம்

காலையில மீஞ்சூர்ல ஏறுறவங்களுக்கு கும்மிடிப்பூண்டி வண்டியில சீட் கிடைக்காதுங்கிறது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் கிடைக்கும். காரணம், ஒரு ஃப்ரெண்ட். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம்லதான் அவன் வீடு. அங்கேயே ஏறி, எனக்கு இடம் பிடிச்சு வெச்சிட்டு, மடியில நோட்டைப் போட்டு வரைஞ்சுக்கிட்டே வருவான்.

காமிக்ஸ்னா நமக்கு இரும்புக்கை மாயாவிதான். இவன் வரையறது அவங்க அம்மா கதையை. 1990-ல அம்மாவுக்கு எட்டு வயசு. ராத்திரியில படகு, ராமேஸ்வரம் கரை, மண்டபம் முகாம்னு பதினாலு பக்கம் முடிச்சிட்டான். பதினஞ்சுல நிக்குது. படகு ஏறுறதுக்கு முந்தின நாள் என்ன நடந்ததுன்னு கேட்டா, அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறாங்களாம்.

"தெரியாததை எப்படி மச்சி வரையறது?"

நியாயமான கேள்விதான். ஆர்ட் ஸ்பீகல்மேனும் இதுல மாட்டினவர்தான். ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல இருந்து தப்பின தன் அப்பாவோட கதையை 'மௌஸ்'னு வரைஞ்சார். அதுல யூதர்கள் எலி, நாஜிகள் பூனை. 1992-ல புலிட்சர் சிறப்புப் பரிசு வாங்கின புத்தகம். அம்மா எழுதி வெச்ச டைரிகளை அப்பா எரிச்சிட்டார்னு நடுவுல தெரிய வருது. அம்மா பக்கத்துக் கதை போச்சு. ஸ்பீகல்மேன் இட்டுக்கட்டி நிரப்பலை. டைரி எரிஞ்ச விஷயத்தையும், தனக்கு வந்த கோபத்தையும் வரைஞ்சு வெச்சார்.

சின்னப் பிள்ளையா தப்பிச்சவங்க நினைவு இன்னும் துண்டு துண்டா இருக்கும். தேதி இருக்காது. ஒரு வாசனை, ஒரு சத்தம், யாரோ ஒருத்தரோட பூட்ஸ்... அவ்வளவுதான். 1937-ல நெதர்லாந்துல பிறந்த எமி ஆர்பெல், ரேவன்ஸ்ப்ரூக், பெர்கன்-பெல்சன் வதைமுகாம்கள்ல குழந்தையா இருந்தவங்க. அவங்க நினைவுகளை பார்பரா யெலின்ங்கிற ஜெர்மன் ஓவியர் வரைஞ்சாங்க. 2022-ல 'பட் ஐ லிவ்' தொகுப்புல அது வந்தது. அந்தத் தொகுப்புக்காக ஓவியர்களும் தப்பிச்சவங்களும் சேர்ந்தே வேலை பார்த்தாங்க. வரைஞ்சது ஒருத்தர்னாலும் கதை ரெண்டு பேரோடது.

நம்ம கதைக்கு வருவோம். கிளிநொச்சியில ஐ.நா. ஊழியரா இருந்தவர் பெஞ்சமின் டிக்ஸ். 2008 செப்டம்பர்ல ஐ.நா. அங்கே இருந்து கிளம்பினப்போ, 'போகாதீங்க'ன்னு ஜனங்க வாசல்ல நின்னு கெஞ்சினாங்க. கிளம்பிட்டாங்க. போரோட கடைசி மாசங்கள்ல 40,000 பொதுமக்கள் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழுவே 2011-ல சொல்லுச்சு. தமிழ் இனப்படுகொலை நினைவு நாள்னு மே 18-ஐ கனடா நாடாளுமன்றம் 2022-ல ஏத்துக்கிட்டது.

தப்பிச்சு வந்தவங்க சொன்னதையெல்லாம் கேட்டு, ஓவியர் லிண்ட்சே போலக்கோட சேர்ந்து டிக்ஸ் 2019-ல கொண்டு வந்த கிராஃபிக் நாவல் 'வன்னி'. நடந்தது நிஜம், குடும்பம் மட்டும் கற்பனை. உண்மையான பேரும் முகமும் வெளியே வந்தா, ஊர்ல மிச்சம் இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஆபத்து. போட்டோவுல முகத்தை மறைச்சா ஆளே காணாமப் போயிடுவாங்க. படத்துல முகத்தை மாத்தலாம், அழுகையை அப்படியே வைக்கலாம்.

இதையெல்லாம் திருவொற்றியூர் வர்றதுக்குள்ள அவன்கிட்ட சொல்லி முடிச்சேன். "முதல்ல அம்மாகிட்ட காட்டுடா"ன்னும் சொன்னேன்.

அடுத்த வாரம் நோட்டைத் திறந்து காட்டினான். பதினஞ்சாம் பக்கத்துல ஒரே ஒரு படம். அடுப்பு முன்னால அம்மாவோட முதுகு. வசனம் கிடையாது.

"பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. அந்தப் பக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. படகுப் பக்கத்தைத் திருப்பி, 'எனக்கு ஏன் செருப்புப் போட்டு விட்டனி? அண்டைக்கு நான் வெறுங்காலோடதான் வந்தனான்'னாங்க."

அழி ரப்பரை எடுத்து செருப்பை அழிச்சான். எட்டு வயசுப் பாதம் ரெண்டை வரைய எண்ணூர் தாண்டுற வரைக்கும் ஆச்சு.

உங்க வீட்லயோ பக்கத்து பெஞ்ச்லயோ இப்படி ஒரு கதை இருக்கலாம் பாஸ். அவங்க சொன்னா கேளுங்க. சொல்றதை நிறுத்தினா, நீங்களும் அங்கேயே நிறுத்துங்க. செருப்பு இல்லைன்னா, போட்டு விடாதீங்க.