ஆட்டம் ரிங் மினி: ஒரு குட்டி ட்ராக்குக்காக வக்காலத்து

கிரான் டூரிஸ்மோ என்றாலே பேச்சு இரண்டு விஷயத்தில்தான் போய் நிற்கும். ஒன்று, கார்களின் எண்ணிக்கை (நான்காம் பாகத்திலேயே 700-ஐத் தாண்டியாயிற்று). இன்னொன்று, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நிஜத் தடம் இந்த வரிசைக்குள் வந்ததும் 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அதே நான்காம் பாகத்தில்தான். அந்த கேமிலேயே ஒரு ஓரமாகக் கிடந்த ஆட்டம் ரிங் மினியைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை!

இது எந்த ஊரிலும் இல்லாத ட்ராக். பாலிஃபோனி டிஜிட்டல்காரர்களின் கற்பனை. 1997-ல் வந்த முதல் பாகத்திலேயே உண்டு. சுற்றிலும் பழுப்பும் சிவப்புமாய் இலையுதிர்கால மரங்கள். ஆட்டம் ரிங் என்ற பெரிய தடத்தில் ஒரு பகுதியை எடுத்து, இடையில் ஒரு குறுக்குச் சாலை போட்டால் மினி தயார். (ஆங்கிலத்தில் இலையுதிர்காலம். தமிழில் எழுதினால் 'ஆட்டம்' என்று வருகிறது. அதுவும் பொருத்தம்தான் :-))

புதிதாக ஆடுபவர்கள் பழகுவதற்காகப் போட்ட ட்ராக், நாலு ரேஸ் ஜெயித்ததும் மறந்துவிடலாம் என்பதுதான் பொதுவான அபிப்பிராயம். அது தப்பு. இந்த வரிசையிலேயே நியாயமான ட்ராக் எது என்று கேட்டால், இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பாகத்தில் ஆட்டத்தைத் தொடங்கும்போது கையில் இருப்பது 10,000 கிரெடிட். அதற்கு ஒரு பழைய கார்தான் கிடைக்கும். ரேஸில் ஜெயித்தால் பணம், பணம் வந்தால் டர்போ, டர்போ போட்டால் இன்னொரு ரேஸ். ஆக, காசு உள்ளவனுக்கே வேகம். நீண்ட நேர்ப்பாதை உள்ள தடங்களில் இந்த விதி அப்படியே செல்லும். முன்னூறு குதிரைத்திறன் கார், நூறு குதிரைத்திறன் காரை ஒரே நேர்ப்பாதையில் விழுங்கிவிடும். ஓட்டுபவன் யார் என்பதெல்லாம் அப்புறம்.

மினியில் அந்தப் பாச்சா பலிக்காது. பெரிய எஞ்சின் மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எங்கே பிரேக் பிடிப்பது, எப்போது ஆக்ஸிலரேட்டரை விடுவது என்று தெரிந்தவன், ஓட்டை காரை வைத்துக்கொண்டே பணக்காரக் காரைத் திணறடிக்கலாம். சாதாரண காரில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். ஒரு வளைவில் சொதப்பினால் அடுத்த நிமிடமே அதைத் திருத்திப் பார்க்கலாம். நூர்பர்க்ரிங்கில் செய்த தப்பைத் திருத்த, அதே இடத்துக்குத் திரும்பிவர பத்து நிமிடம் ஆகும். அதற்குள் என்ன தப்பு என்பதே மறந்துபோகும்.

இரண்டு பேர் திரையைப் பிரித்து ஆடும்போது இன்னும் சௌகரியம். மூன்று சுற்று மூன்றே நிமிடம், தோற்றவர் கன்ட்ரோலரை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். பெரிய தடமென்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள்.

சலிப்புத் தட்டாதா? தட்டும். ஐம்பது சுற்றெல்லாம் ஓட்டினால் தலை கிறுகிறுக்கும். ஐந்தாம் பாகத்தில் (2010) எதிர்த்திசையிலும் ஓட்டலாம் என்பது கொஞ்சம் ஆறுதல்.

2013-ன் ஆறாம் பாகம் வரை இந்த ட்ராக் இருந்தது. 2017-ல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் இல்லை. 2022 மார்ச்சில் ஏழாம் பாகம் வெளியானபோது ட்ரையல் மவுன்டன், டீப் ஃபாரஸ்ட், ஹை ஸ்பீட் ரிங் மூன்றும் திரும்பி வந்தன. எல்லாம் ரசிகர்கள் கொண்டாடும் பெரிய பெயர்கள். மினியும் வரவில்லை, அதைப் பெற்ற ஆட்டம் ரிங்கும் வரவில்லை. ஸ்போர்ட்டில் நார்தர்ன் ஐல் என்று ஒரு குட்டி ட்ராக் வந்ததே என்பார்கள். அது ஓவல். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பது வேறு, இது வேறு.

நிஜத் தடமென்றால் சொந்தக்காரரிடம் உரிமம் வாங்க வேண்டும். இதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? பெரிய ஆட்டம் ரிங்கை ஒருமுறை புதிதாகச் செய்துவிட்டால், மினிக்கு ஆகும் கூடுதல் செலவு அந்தக் குறுக்குச் சாலை மட்டும்தான்.