யார் கண்டது?

உலகம் எப்படி உண்டாயிற்று, சூரியனைச் சுற்றிவரும் கோள்களும் கற்களும் எப்படி உண்டாயின என்று யாராவது பேச ஆரம்பித்தால், அதை மடக்குவதற்கென்றே நமது பண்டிதர்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "அப்போது நீ இருந்தாயா? கண்ணால் கண்டவர் யார்? எங்கள் புராணத்தையும் ஒருவரும் நேரில் காணவில்லை; உங்கள் விஞ்ஞானத்தையும் ஒருவரும் நேரில் காணவில்லை. ஆகவே இரண்டும் நம்பிக்கைதானே!" என்பதே அது. கேட்பதற்கு நியாயம் போலவும் தோன்றும். கூட்டங்களில் இதைக் கேட்டுவிட்டு, பெரிய வழக்கொன்றை ஜெயித்துவிட்டவர்கள் போல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போகிறவர்களை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

தோழர்களே! ஓரிடத்தில் ஒரு செங்கற் குவியல் கிடக்கிறது. அதில் ஒரு கல்லை எடுத்துப் பார்க்கிறோம். ஒரு பக்கத்தில் காரை ஒட்டியிருக்கிறது. மறுபக்கத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறது. பக்கத்துக் கல்லில் அடுப்புப் புகை படிந்திருக்கிறது. அந்த வீடு கட்டினபோது நாம் பிறக்கவும் இல்லை, இடிந்தபோது அங்கே இருக்கவும் இல்லை. ஆயினும் இவை ஒரு காலத்தில் சுவராய் இருந்தவை, வெள்ளையடித்தவை, புகை படிந்தது சமையலறைக் கல், பிறகு வீடு இடிந்தது, பிறகு குவிந்தது என்று சொல்வதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கல்லைவிட யோக்கியமான சாட்சி ஏது?

சிறுகோள்கள் சங்கதியும் இதுவேயாகும். பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலும், சில பூமிக்குச் சமீபத்திலுமாகச் சூரியனைச் சுற்றித் திரியும் கற்களுக்குத்தான் சிறுகோள்கள் என்று பெயர். இவற்றில் மூன்றுக்குக் கலம் அனுப்பி மண்ணை எடுத்துப் பூமிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

முதலாவது, இடோகாவா. ஜப்பானியரின் ஹயபுசா என்னும் கலம் 2005-ல் அதைத் தொட்டு, 2010 ஜூன் 13-ந் தேதி ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் தன் பெட்டியை இறக்கிற்று. உள்ளே இருந்தவை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத 1,500-க்கு மேற்பட்ட தூசிகள்தான். "இதற்கா இவ்வளவு பாடு!" என்று நகைத்தவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தூசி என்ன சொல்லிற்று? நான் ஒரு காலத்தில் 800 டிகிரி அளவு சூட்டில் வெந்து, மெல்ல மெல்ல ஆறினேன் என்று சொல்லிற்று. இடோகாவாவோ அரை கிலோமீட்டர் நீளமுள்ள சிறு கல். சிறு பாத்திரத்துக் கஞ்சி சீக்கிரம் ஆறிப்போவதுபோல் சிறு கல்லில் சூடு தங்காது. ஆகவே அது 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெரிய உருண்டையின் வயிற்றுக்குள் இருந்திருக்கவேண்டும். அது மோதலில் நொறுங்கி, அதன் துண்டுகள் திரும்பவும் கூடி இடோகாவா ஆகியிருக்கவேண்டும். அந்தக் கல்லின் உள்ளே 100-க்கு 40 பங்கு வெற்றிடம் என்று கலம் அளந்து சொன்னதும் இதற்கு ஒத்திருக்கிறது. செங்கற் குவியல் என்று நாம் சொன்னது வெறும் உவமை அல்ல என்பது இப்போது விளங்கும்.

இங்கே ஒருவர், "வானத்திலிருந்து தானாகவே கல் விழுகிறதே, அதைப் பொறுக்கிப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1864-ல் பிரான்ஸ் தேசத்தில் ஒர்கேய் என்னும் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து வைத்திருந்தார்கள். நூறு வருஷம் கழித்து, 1960-களில், அதைச் சோதித்தபோது உள்ளே ஒரு செடியின் விதை இருந்தது! ஆகாயத்தில் பயிர் விளைகிறது என்று கொண்டாடினார்களா? இல்லை. துருவிப் பார்த்து, அது அந்தப் பக்கத்திலேயே முளைக்கும் கோரை போன்ற ஒரு செடியின் விதை என்றும், யாரோ பசை வைத்து ஒட்டி நிலக்கரித் தூளால் மறைத்த மோசடி என்றும் அச்சிட்டு வெளிப்படுத்தினார்கள். விபூதி கொட்டும் படத்தை இப்படிச் சோதிக்க நம்மவர்கள் விடுவார்களா என்பதை அவர்களே சொல்லட்டும். மோசடி இல்லாவிட்டாலும், தரையில் விழுந்த கல்லில் மழையும் மண்ணும் புழுவும் கலந்துவிடும். அதனால்தான் ஆகாயத்திலேயே போய் எடுத்து, மூடிக் கொண்டுவந்து, பூமிக் காற்றுப் படாமல் திறக்கிறார்கள்.

அப்படி வந்ததுதான் ரியூகு மண். 2020 டிசம்பர் 6-ந் தேதி வந்து சேர்ந்தது, எடை 5.4 கிராம். அதன் பிறகு அமெரிக்கர் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 121.6 கிராம் கொண்டுவந்து 2023 செப்டம்பர் 24-ல் யூட்டா பாலைவனத்தில் இறக்கினார்கள். இவை இரண்டும் இடோகாவா போல் வெந்தவை அல்ல, ஊறினவை. இவற்றின் தாய்க்கல்லில் தூசியோடு பனிக்கட்டியும் சேர்ந்திருந்தது. உள்ளேயிருந்த ஒருவகை அலுமினியம் சிதைந்து சூடு கொடுக்க, பனி உருகி, கல் களிமண்ணாய் மாறிற்று. ரியூகுவின் ஒரு படிகத்துக்குள் அந்தப் பழைய நீரே ஒரு துளி அகப்பட்டிருந்தது! பென்னுவிலோ நீர் வற்றி உப்புப் பூத்த அடையாளம் இருக்கிறது. எந்த உப்பு முதலில் படியும், எது கடைசியில் படியும் என்பதை உப்பளத்தில் வேலை செய்கிறவரைக் கேட்டாலே சொல்வார். அந்த வரிசையைக் கொண்டுதான் ஆராய்ச்சிக்காரரும் கணக்குச் சொல்லுகிறார்கள்.

இன்னொரு சங்கதி. இந்த மண்ணிலேயே, சூரியனுக்கு அருகில் 1,000 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உண்டான பொடியும் இருக்கிறது; வெகுதூரத்துக் குளிரில் உண்டான பொருளும் இருக்கிறது; சூரியனே பிறப்பதற்கு முன் வேறு நட்சத்திரங்கள் உமிழ்ந்த துகளும் இருக்கிறது. ஏறக்குறைய 456 கோடி வருஷங்களுக்கு முன் இவையெல்லாம் கலந்து, திரண்டு, ஊறி, உடைந்து, மறுபடியும் கூடினவை. ஒருவர் ஒருநாள் உட்கார்ந்து "ஆகுக" என்று சொன்ன வேலையாகவா இது தெரிகிறது?

பென்னுவில், உயிர்கள் உபயோகிக்கும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன என்று 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். உடனே "உயிரின் வித்தை ஆண்டவன் ஆகாயத்தில் தூவினான்" என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். அவசரம் வேண்டாம். அந்த அமிலங்களில் இடக்கை அமைப்பும் வலக்கை அமைப்பும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. உயிர்களோ பெரும்பாலும் இடக்கையையே எடுத்துக்கொள்ளும். ஆகவே அது உயிரல்லாத ரசாயனம். பூமியில் இடக்கை ஆனதற்குச் சிறுகோளே காரணம் என்று எண்ணியிருந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இது பாதகமான முடிவுதான். ஆயினும் மறைக்கவில்லை, தங்களுக்கு விரோதமாக வந்ததைத் தாங்களே வெளியிட்டார்கள். அந்த மண்ணில் 100-க்கு 70 பங்காவது, பின்னால் வருகிறவர்கள் பார்த்துத் தங்களைத் திருத்தட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

2025 மே மாதத்தில் சீனர்களும் கமோஓலேவா என்ற சிறு கல்லை நோக்கி ஒரு கலத்தை அனுப்பியிருக்கிறார்கள். அது சந்திரனிலிருந்து பெயர்ந்த சில்லு என்று ஒரு சாராரும், மற்றவை போன்ற சிறுகோளே என்று ஒரு சாராரும், மண் வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கும் அன்று இருவரில் ஒருவர் தோற்பார். நமது பண்டிதர்களும் இப்போதே ஒரு காகிதத்தில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுப்பார்களா?