எல்லைக்கு அனுப்பப்பட்ட கைத்தொழிலாளர்

நெப்போலியனோடு நடந்த நெடிய யுத்தம் 1815-ல் ஓய்ந்தபின், வேலையிழந்த கைத்தொழிலாளரும் கூலிகளும் இங்கிலாந்தின் நகரங்களில் பெருகி நின்ற வேளையில், அவர்தம் தரித்திரத்துக்குப் பரிகாரமாக அந்நாட்டுப் பார்லிமெண்டு 1819 ஜூலையில் 50,000 பவுன் ஒதுக்கி, தென்னாப்பிரிக்காவின் கேப் பிரதேசத்துக்குக் கூட்டங்கூட்டமாகக் குடிகளை அனுப்பத் தீர்மானித்தது. குறைந்தது பத்து ஆடவரைச் சேர்த்துக்கொண்ட ஒரு தலைவர், தலைக்குப் பத்து பவுன் முன்பணம் கட்டினால், ஒவ்வோர் ஆடவர் கணக்கிலும் 100 ஏக்கர் நிலம் என்பது ஏற்பாடு. முன்பணம் கட்ட வகையற்ற கூலிகள் சீமான்களுக்கு அடிமைச் சாசனம் போன்ற ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துக் கப்பலேறினர். அவர்கள் பெயரால் கிடைத்த நிலமோ சீமானுக்கே உரியதாயிற்று.

இந்தத் தர்மத்தின் உள்நோக்கம் வேறு. குடியேற்றத்துக்கெனக் குறிக்கப்பட்ட சூர்வெல்டு, கோசா மக்கள் சுமார் 20,000 பேரை 1812-ல் மீன் நதிக்கு அப்பால் துரத்திப் பறித்த பூமி. அதை மீட்கும்பொருட்டு மக்கண்டா என்பவரின் தலைமையில் அவர்கள் அங்கிருந்த கிரகாம்ஸ்டவுன் என்னும் ஊரைத் தாக்கியது, பணம் ஒதுக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரேதான். காவற்படைக்கு ஆகும் செலவைக் குறைக்க விரும்பிய கேப் கவர்னர் சாமர்செட், அந்த எல்லையில் ஏழைகளைக் குடியமர்த்த விழைந்தார். வறியவனின் பசியைத் தன் எல்லைக்கு வேலியாக்கிக்கொண்ட ராஜ்யத்தை உபகாரி என்று போற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை.

1820 ஏப்ரல் முதல் அல்கோவா விரிகுடாவில் ஏறத்தாழ 4,000 பேர் இறங்கினர். பெண்டு பிள்ளைகளைப் படைவீரர்கள் அலைகளினூடே தூக்கி வந்து மணலில் விட்டார்கள். பிறகு டச்சுக் குடியானவர்களின் மாட்டு வண்டிகள் அவர்களை உள்நாட்டுக்குக் கொண்டுபோய், கலப்பையும் கூடாரமும் சில நாள் உணவுமாகப் புல்வெளியில் இறக்கிவிட்டுத் திரும்பின. தச்சனும் தையற்காரனும் செருப்புத் தைப்பவனும் விதைத்த கோதுமையைத் துரு நோய் தொடர்ந்து மூன்று விளைச்சல் அழித்தது. 1823-ல் வெள்ளம் எஞ்சியதையும் கொண்டுபோயிற்று. அனுமதிச் சீட்டின்றி நிலத்தைவிட்டு நகரவும் விதியில்லை.

ஆயினும் அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் கிரகாம்ஸ்டவுன் போன்ற ஊர்களுக்குச் சென்று தத்தம் தொழிலாலேயே பிழைத்தார்கள். சர்க்காரின் திட்டம் கைவிட்டவிடத்தில் உளியும் ஊசியும் காத்தன என்பதில் எனக்கு அவர்கள்பால் மதிப்பு உண்டு. ஆனால், சீட்டுக்கு அடங்கி வாடியவர்கள் நிலைபெற்றுத் தமக்கே ஆள் தேடத் தொடங்கியபோது, 1828-ல் 49-ஆம் எண் சட்டம் பிறந்தது. அதன்படி, துரத்தப்பட்ட கோசாக்கள், தம் முன்னோர் மேய்த்த மண்ணுக்கே, சீட்டு வாங்கிக் கூலிகளாக வந்தார்கள்.