எல்லை நகர்ந்தது, ஏடும் நகர்ந்தது

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது அவ்வூரின் பழைய பத்திரிகைகளையே. அமெரிக்கப் புல்வெளி நாட்டில் சிற்றூர்களிலும் வாரப் பத்திரிகைகள் தழைத்தன. அதற்குச் சட்டமும் துணை நின்றது. அரசு நிலத்தில் குடியேறி உழுதவர், பட்டாப் பெறுமுன் அச்செய்தியை அண்மையிலுள்ள பத்திரிகையில் அறிவித்தல் வேண்டும் என 1879ஆம் ஆண்டில் விதி செய்தனர். அக்கட்டணத்தால் அச்சகம் பிழைத்தது. ஏழைக் குடியானவன் பெயரும் ஏட்டில் நிலைத்தது.

நம் மலையின் கதை வேறு. போடிமெட்டு ஏறி வந்து தேயிலை வளர்த்த நம் முன்னோருக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை, நிலமன்று. பட்டா இல்லாதவருக்கு விளம்பரம் ஏது? அவர்கள் பெயர் தோட்டத்துக் கூலிக் கணக்கில் ஏறியதோடு சரி.

திருவிதாங்கூர்த் தமிழருக்கும் ஒரு நாளேடு பிறந்தது. 1951 செப்டம்பர் 6ஆம் நாள் திருவனந்தபுரத்தில் டி. வி. இராமசுப்பையர் ‘தினமலர்’ இதழைத் தொடங்கினார். தமிழர் வாழும் வட்டங்கள் தமிழகத்தோடு இணைதல் வேண்டும் என்னும் கிளர்ச்சி ஓங்கியிருந்த காலம் அது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலம் சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றன. மறு ஆண்டு அந்நாளேடும் திருநெல்வேலிக்குப் பெயர்ந்தது.

இதனைக் குறை கூறுவதற்கில்லை. வாசகர் மிகுந்த இடத்தை அச்சகம் நாடுதல் இயல்பே. ஆயினும் நம் வாழ்வை நாமே எழுதி வைக்க வேண்டிய கடமை அன்றே நம் தலைமேல் வந்தது. இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யர் 1920களில் ‘தேசபக்தன்’ நடத்தித் தோட்டத் தொழிலாளர் துயரை அச்சேற்றினார். அம்மக்களின் வரலாற்றை எழுதுவோருக்கு இன்று அவ்வேடு ஒரு கருவூலம்.

நம்மிடம் என்ன உண்டு? பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய மணவோலை, தொழிற்சங்கத் துண்டறிக்கை, பெட்டியின் அடியில் விரித்த மஞ்சளேறிய செய்தித்தாள் ஆகியவற்றை எரித்துவிடாதீர். ஆண்டையும் லயத்தின் பெயரையும் ஒரு சீட்டில் குறித்துச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். உங்கள் இல்லத்துப் பிறப்பு, மணம், மறைவு ஆகியவற்றையும் இவ்விதழுக்கு எழுதுங்கள். நாளை நம் பேரன் நம்மைத் தேடி வருங்கால், அவன் கைக்கு எட்டுவது இச்சிறு திங்களிதழாகவும் இருக்கலாம்.