ட்ரேயில் போட்டதை எண்ணுங்க

1)
விமான நிலைய செக்யூரிட்டி செக்கில் நம்ம பொருளைத் தொலைக்காமல் வெளியே வருவது எப்படி?

"டாக்டரே, இதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீங்க.

சம்பந்தம் இருக்கு. என் அப்பாவோட இன்சுலினை அங்கே தொலைச்சவனே நான்தான்.

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது விமானத்தில் போகப் போறாங்கன்னா முழுசாப் படிச்சிடுங்க.

2)
அப்பாவுக்கு வயது 68. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் பேனா போட்டுக்கொள்கிறார்.

போன வருடம் டெல்லியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போனேன். மாலை நேர விமானம். செக்யூரிட்டியில் நல்ல கூட்டம். பின்னால் நிற்பவர் "கொஞ்சம் சீக்கிரம் சார்" என்கிறார்.

லேப்டாப், இரண்டு போன், பவர் பேங்க், பெல்ட், வாட்ச் எல்லாம் ட்ரேயில். ஊசி இருக்கே, கேள்வி கேட்பாங்களோ என்று நினைத்து, பைக்குள் பத்திரமாக இருந்த இன்சுலின் பவுச்சையும் வெளியே எடுத்துத் தனி ட்ரேயில் வைத்தேன்.

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானாக எடுத்தேன். முதல் தப்பு அது.

3)
என் பையை மட்டும் ஸ்கேனரில் நிறுத்தி, தனியாகத் திறந்து பார்க்க ஒதுக்கினார்கள். நான் அதன் பின்னாலேயே போய்விட்டேன்.

அப்பா தன் பெல்ட்டையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பவுச்சைத் தம்பி எடுத்திருப்பான் என்று அவர் நினைத்தார். அப்பா எடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன்.

விமானம் மேலே ஏறி, சாப்பாடு வந்தபோதுதான் கேட்டார்.

"தம்பி, சாப்பிடறதுக்கு முன்னாடி ஊசி போடணும்ல. பையை எடுப்பா."

அந்த நிமிடம் வயிற்றில் என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை.

4)
டெல்லியில் இறங்கியதும் புறப்பட்ட விமான நிலையத்துக்குப் போன் செய்தேன்.

"பவுச் இருக்கு சார். பத்திரமா வச்சிருக்கோம்."

நல்ல விஷயம். ஆனால் அது இருப்பது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

போனில் இருந்த மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டி, இரவு ஒரு மணிக்கு ஒரு மெடிக்கல் ஷாப்பில் இன்சுலின் வாங்கினேன். ஆனால் குளுக்கோமீட்டரும் அந்தப் பவுச்சில்தான் இருந்தது. சர்க்கரை அளவு தெரியாமல், நடுராத்திரியில், சாப்பிட்டு இவ்வளவு நேரம் கழித்து முழு டோஸ் போட எனக்குத் தைரியம் வரவில்லை. தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் அது இன்னும் ஆபத்து.

காலையில் அத்தான் வாங்கி வந்த மீட்டரில் 312. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அவமானமாக இருந்தது. தினமும் ஓபியில் "மருந்தை மறக்காதீங்க" என்று நூறு பேருக்குச் சொல்கிறவன் நான்.

5)
இப்போது விஷயத்துக்கு வருவோம்.

செக்யூரிட்டியில் பொருள் போவது என்றால் நமக்குத் திருட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். திருட்டு நடக்காமலும் இல்லை. 2023ல் அமெரிக்காவின் மயாமி விமான நிலையத்தில், சோதனை செய்யும் ஊழியர்களே பயணிகளின் பொருட்களுக்குள் கைவிட்டுப் பணம் எடுத்த காட்சி கேமராவில் பதிவாகி, கைது வரை போனது.

ஆனால் என் கருத்து, அங்கே நம்ம பெரிய எதிரி மறதி.

அதே அமெரிக்காவில், பயணிகள் ட்ரேயில் மறந்துவிட்டுப் போகும் சில்லறைக்குக் கணக்கு வைக்கிறார்கள். 2019 நிதியாண்டில் மட்டும் 9 லட்சம் டாலருக்கு மேல். யாரும் திருடியதில்லை. பாக்கெட்டில் இருந்து எடுத்து ட்ரேயில் போட்டு, அப்படியே நடந்து போய்விட்டது.

6)
ஏன் மறக்கிறோம்? வயசானதால் மட்டும் இல்லை. நான் முப்பதுகளில் இருக்கிறேன், எனக்கே நடந்தது.

வீட்டில் நம்ம பொருளுக்கு ஒரு இடம் உண்டு. பர்ஸ் பின் பாக்கெட், போன் சட்டைப் பாக்கெட், சாவி இடது பக்கம். கை தானாகப் போய்த் தொட்டுப் பார்க்கும்.

செக்யூரிட்டியில் அத்தனையையும் ஒரே நிமிடத்தில் கலைத்து மூன்று ட்ரேயில் பரப்பிவிடுகிறோம். பிறகு மெட்டல் டிடெக்டர், கையை விரித்து நிற்பது, போர்டிங் பாஸ் காட்டுவது, "அந்தப் பக்கம் போங்க" என்ற குரல். கவனம் நாலாகப் பிரிகிறது. அந்தப் பக்கம் வந்தவுடன் கண்ணில் பட்டதை எடுப்போம். கண்ணில் படாதது நினைவிலும் வராது.

7)
இதே சிக்கல் எங்க தொழிலிலும் உண்டு. ஆபரேஷன் தியேட்டரில்.

நான் எம்பிபிஎஸ் படித்த சாதாரண டியூட்டி டாக்டர். சிசேரியனுக்கு அசிஸ்ட் செய்ய நிற்பேன். வயிற்றைத் திறப்பதற்கு முன் எத்தனை மாப், எத்தனை கருவி, எத்தனை ஊசி என்று சிஸ்டர் எண்ணி எழுதுவார். வயிற்றை மூடுவதற்கு முன் மறுபடி எண்ணுவார்.

"கவுண்ட் கரெக்ட் சார்" என்று அவர் சொன்னால்தான் அடுத்த தையல். எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் சரி, "உள்ளே ஒண்ணும் இல்லை, எனக்கு ஞாபகம் இருக்கு" என்ற பேச்சுக்கு இடமே கிடையாது.

8)
உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை உண்டு. எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலை நடைமுறைப்படுத்திப் பார்த்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள். டெல்லியும் அதில் ஒன்று. அறுவை சிகிச்சைக்குப் பின் இறப்பு 1.5 சதவிகிதத்தில் இருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்திருந்தது.

புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. வாய்விட்டுச் சொல்வது, எண்ணுவது, சரிபார்ப்பது. அவ்வளவுதான்.

இதை ட்ரேக்குக் கொண்டு வாங்க என்பதுதான் இந்த இழையில் நான் சொல்ல வந்தது.

9)
எண்ணுவது சுலபமாக இருக்கணும்னா பொருள் குறைவாக இருக்கணும். அதனால் வேலை வரிசையில் நிற்பதற்கு முன்பே தொடங்குகிறது.

பர்ஸ், வாட்ச், சாவி, சில்லறை, பெல்ட் எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்க. எதையும் ட்ரேயில் உதிரியாக விடவே கூடாது. முக்கியமாகப் பணமும் நகையும்.

வெளியே தெரிவது, எடுக்கச் சொல்கிற லேப்டாப், போன், பவர் பேங்க் போன்றவை மட்டும் இருக்கட்டும்.

போர்டிங் பாஸ் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க விடமாட்டேன் என்றால் அதுவும் ஜிப்புக்குள்.

10)
பெல்ட்டில் வைக்கும்போது எண்ணுங்க. வாய்விட்டே எண்ணுங்க. "பை ஒண்ணு, லேப்டாப் ரெண்டு, போன் மூணு, செருப்பு நாலு. மொத்தம் நாலு."

யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சாலும் சிரிச்சிட்டுப் போகட்டும்.

குடும்பமாகப் போனால் எண்ணுவது ஒரே ஒருவர் வேலை. எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நடந்தது அதுதான்.

அந்தப் பக்கம் போனதும் நாலும் வரும் வரை நகராதீங்க. ஷூ மாட்டுவது, பெல்ட் போடுவது எல்லாம் எண்ணி முடித்த பிறகு, பெல்ட்டை விட்டு ஓரமாக வந்து.

11)
முன்னால் நிற்பவர் இன்னும் மெட்டல் டிடெக்டருக்குள் போகவில்லை என்றால், உங்க விலை உயர்ந்த பொருள் இருக்கும் பையை முதலில் தள்ளிவிடாதீங்க. அது அந்தப் பக்கம் போய்க் கேட்பாரில்லாமல் கிடக்கும். நீங்க உள்ளே போகும் முறை வரும்போது, கடைசியாக அதை வைங்க.

ஒரு பையைத் தனியாக ஒதுக்கினால், முதலில் பெல்ட்டில் வந்த மற்றதை எடுத்துக்கொண்டு, பிறகு அதன் பின்னால் போங்க. "ஒரு நிமிஷம், என் மத்த ட்ரேயை எடுத்துக்கறேன்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

கறுப்பு லேப்டாப், கறுப்பு பேக் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். ஒரு கலர் ரிப்பன் கட்டுங்க, ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. நம்மதை இன்னொருத்தர் நல்ல மனசோடவே தூக்கிட்டுப் போய்விடுவார்.

12)
நகை.

தாலிச் சங்கிலி, வளையல், தோடு இதெல்லாம் சத்தம் வருமே என்று பயந்து சில அம்மாக்கள் வரிசையில் நின்றபடியே கழற்ற ஆரம்பிக்கிறாங்க. அவசியம் இல்லை. நம்ம நாட்டில் பெண்களைத் திரை போட்ட இடத்தில் பெண் காவலர்தான் சோதிப்பார். நகை போட்டிருக்கேன் என்று சொன்னால் போதும். கழற்றியே ஆகணும் என்று அவர் கேட்டால், கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடி ஸ்கேனருக்கு அனுப்புங்க. திறந்த ட்ரேயில் வேண்டவே வேண்டாம்.

13)
இனி மருந்து. இது என் ஏரியா.

தினசரி மருந்து எதுவும் செக்-இன் லக்கேஜில் போகக் கூடாது. பெட்டி தாமதமானால் மருந்தும் தாமதம். இன்சுலின் உறைந்து போனால், உருகிய பிறகும் அதைப் போடக் கூடாது. அதனால் அது எப்போதும் கைப்பையில்.

மருந்துச் சீட்டு ஒன்று பையில், அதன் படம் போனில். வெளிநாட்டுப் பயணத்தில் திரவத்துக்கு 100 மில்லி கட்டுப்பாடு உண்டு, தேவையான மருந்துக்கு விலக்கும் உண்டு. அதற்கும் சீட்டுதான் சாட்சி.

இன்சுலினும் மாத்திரையும் எக்ஸ்ரே ஸ்கேனரில் போனால் கெடாது. பைக்குள்ளேயே இருக்கட்டும். கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுங்க.

மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பையில் வைங்க. இதை மட்டும் நான் செய்திருந்தால் அன்றைய இரவு நிம்மதியாகப் போயிருக்கும்.

14)
பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதற்கான அட்டையைக் கையில் வைத்து முதலிலேயே சொல்லிடுங்க. வாசல் மாதிரியான டிடெக்டரில் நிற்காமல் நடந்து போகலாம். கைக்கருவியை மட்டும் நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்சுலின் பம்ப், தொடர்ந்து சர்க்கரை பார்க்கும் சென்சார் போட்டவர்கள், அதைத் தயாரித்தவர்கள் ஸ்கேனர் பற்றி என்ன சொல்லியிருக்காங்க என்று கிளம்பும் முன் படிச்சிடுங்க.

வீல்சேரில் போகும் பெரியவர்களை வேறு வழியாகக் கூட்டிப் போவார்கள். பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் ஆகும். மருந்துப் பை அவர் மடியில் இருக்கட்டும், சோதனைக்குக் கொடுத்தால் திரும்பி மடிக்கு வந்ததா என்று கூட இருப்பவர் பார்க்கணும்.

15)
பயணி மட்டும் திருந்தினால் போதுமா? போதாது.

நம்ம நாட்டில் பெரும்பாலான விமான நிலையங்களின் பாதுகாப்பைப் பார்ப்பது சிஐஎஸ்எஃப். 1999ல் காந்தஹார் விமானக் கடத்தல் நடந்த பிறகு, 2000ல் இந்தப் பொறுப்பு அவர்களிடம் வரத் தொடங்கியது. மணிக்கணக்கில் நின்றபடி செய்யும் வேலை. அவர்கள் தேடுவது ஆயுதத்தையும் வெடிபொருளையும். உங்க பர்ஸைக் காப்பது அவர்களுடைய முதல் வேலை இல்லை. இதைப் புரிந்துகொண்டால் கோபம் குறையும்.

ஆனால் நிலையங்களை நடத்தும் நிர்வாகங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கு. பெல்ட் முடியும் இடத்தில் உட்கார்ந்து பையை அடுக்கப் போதுமான மேசையும் நாற்காலியும். "எல்லாம் எடுத்தாச்சா? எண்ணிப் பாருங்க" என்று அந்தந்த ஊர் மொழியில் பெரிய எழுத்தில் ஒரு பலகை. காலி ட்ரேயை அடுக்கும் ஊழியர் உள்ளே ஏதாவது இருக்கா என்று பார்த்து, அங்கேயே ஒரு குரல் கொடுப்பது.

கூட்டத்தை வேகமாக நகர்த்துவதற்கு எவ்வளவோ செலவு செய்கிறார்கள். இதற்குப் பெரிய செலவே இல்லை.

16)
அப்படியும் தொலைந்துவிட்டால்?

ஏறும் முன் தெரிந்தால் உடனே அதே லைனுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்க. லைன் எண்ணும் நேரமும் சொன்னால் கேமராவில் தேடுவது சுலபம்.

ஏறிய பிறகு தெரிந்தால், அந்த நிலையத்தின் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் பிரிவுக்குப் போன் செய்யுங்க, மெயிலும் அனுப்புங்க. கண்டெடுத்த பொருட்களின் விவரத்தை சிஐஎஸ்எஃப் தன் இணையதளத்திலும் போடுகிறது. அங்கேயும் தேடுங்க.

திருட்டு என்று சந்தேகம் இருந்தால் விமான நிலையக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்குங்க.

போன் லாக் ஸ்கிரீனில் வீட்டு ஆள் ஒருவரின் நம்பர் தெரியும்படி வைங்க. மருந்துப் பவுச்சுக்குள்ளும் ஒரு சீட்டில் நம்பர் எழுதிப் போடுங்க.

17)
பத்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது கையெழுத்துப் போட்டு எங்க பவுச்சை வாங்கினோம். பேனா, மீட்டர், ஊசி, எல்லாம் அப்படியே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொன்னேன்.

எந்தச் சூட்டில் இருந்ததோ என்று இன்சுலினை மட்டும் தூக்கிப் போட்டேன்.

இப்போதெல்லாம் செக்யூரிட்டி தாண்டியதும் அப்பாவே கேட்கிறார். "கவுண்ட் கரெக்டா தம்பி?"

"கரெக்ட்பா" என்று சொன்ன பிறகுதான் நடக்க ஆரம்பிக்கிறோம்.

பயணம் போகிற உங்க வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்க. கூடப் போகிறவர் யாரோ, எண்ணும் பொறுப்பு அவருக்கு என்று வீட்டிலேயே முடிவு பண்ணிடுங்க.