"வியாபாரத்தில் நட்டம்" என்று மறைக்கப்படும் சூது

எங்கள் ஊரில் ஒரு குடும்பம் திடீரென வீட்டை விற்றது. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் "வியாபாரத்தில் நட்டம்" என்றே சொன்னார்கள். நானும் நம்பினேன். ஒரு வருடத்துக்குப் பின்னர்தான் அந்த வீட்டுக்காரர் என்னிடம் உண்மையைச் சொன்னார். கிரிக்கெட் போட்டிகளுக்குக் கைத்தொலைபேசியில் பந்தயம் கட்டியே அனைத்தையும் இழந்திருந்தார். "ஆரம்பத்திலேயே யாரிடமாவது சொல்லியிருக்கலாமே நானா?" என்றேன். "சொல்லிவிட்டு ஜும்ஆவுக்கு எந்த முகத்தோடு போவது?" என்று கேட்டார்.

சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலம் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதே மாதத்தில் கொழும்பில் பிரமாண்டமான புதிய கசினோவொன்றும் திறக்கப்பட்டது. அதைப் பற்றி நாம் நிறையவே பேசினோம். ஆனால் எமது வீடுகளுக்குள் கைத்தொலைபேசி வழியாக நுழைந்துவிட்ட சூதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம்.

சூது ஹராம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. மதுவையும் சூதையும் அல்குர்ஆன் ஒரே வசனத்தில் (5:90) விலக்கியுள்ளது. அதில் சிக்கியவர் வெளியே வர நினைக்கும்போது யாரிடம் போவார் என்பதே எனது கேள்வி. உலக சுகாதார ஸ்தாபனம் தனது நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறையும் போதைப்பொருள் பாவனையால் வரும் கோளாறுகளையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. அதாவது, "மன உறுதி இருந்தால் விட்டுவிடலாம்" என்ற அறிவுரை மட்டும் பலருக்குப் போதாது. அவர்களுக்குச் சிகிச்சையும் வேண்டும்.

வெட்கம் ஆணையும் பெண்ணையும் ஒரே விதமாகத் தடுப்பதில்லை. ஆண் என்றால் குடும்பத்தைத் தாங்க வேண்டியவன். தோற்றதை ஒப்புக்கொள்வதைவிட இன்னொரு கடன் வாங்கி, இழந்ததை மீட்டுவிடலாம் என்றே அவன் நினைக்கிறான். இழந்ததைத் துரத்தும் இந்த ஓட்டமே நோயின் முக்கிய அறிகுறி.

பெண்ணின் நிலை இதைவிடக் கடினம். சூதாடும் ஆணை "கெட்டுப்போனவன்" என்போம். அதே தவறைச் செய்த பெண்ணின் ஒழுக்கத்தையும் தாய்மையையும் சேர்த்தே சந்தேகிப்போம். தலாக், பிள்ளைகளைப் பிரிதல், தங்கையின் கல்யாணப் பேச்சு முறிதல் என்று அவள் அஞ்சுவதற்குக் காரணங்கள் ஏராளம். சூதாடுபவரின் மனைவியும் தப்புவதில்லை. நகை அடகுக்குப் போன பின்பும், குடும்ப மானத்துக்காக அவளே உம்மா வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவி கேட்டு அவள் பள்ளிவாசலுக்கு வந்தாலும், அங்கே அவளது முறைப்பாட்டைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

பாவத்தை வெறுப்பதும் பாவம் செய்தவரை ஒதுக்குவதும் வேறு வேறு. அடியான் தவ்பாவோடு திரும்புவதை அல்லாஹ் விரும்புகிறான், பிறர் குறையை மறைப்பது நன்மை என்றெல்லாம் மிம்பர்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவரின் கடன் விபரம் மாலைக்குள் ஊரின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுமானால், அந்தப் போதனையை நாம் எங்கே தவறவிட்டோம்?

சில காரியங்களை இப்போதே செய்யலாம். சூதைக் கண்டிக்கும் குத்பாவில், அதிலிருந்து மீள உதவி கிடைக்கும் இடத்தையும் கதீப் சொல்லட்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை 24 மணி நேரமும் அழைக்கலாம். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. பள்ளி நிர்வாகங்கள் இரகசியம் காக்கக்கூடிய ஓர் ஆணையும், பெண்கள் தயங்காமல் பேசக்கூடிய ஒரு பெண்ணையும் இதற்கென நியமிக்கலாம். கடனை அடைக்க உதவுவோர் பணத்தை அவரது கையில் கொடுக்காமல், கடன் கொடுத்தவரிடமே நேரடியாகச் செலுத்துவது நல்லது.

அந்தச் சகோதரர் இன்று வாடகை வீட்டில் இருக்கிறார். சிகிச்சைக்குப் போகிறார், ஜும்ஆவுக்கும் வருகிறார். ஊரில் பலர் இன்னமும் அவருக்கு வியாபாரத்தில் நட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லியும் அவர் அதே ஸஃப்பில் நிற்க முடிகின்ற ஊராக எங்கள் ஊர் மாற வேண்டும் என்பதே எனது ஆசை.